உற்பத்திச் சாதனை சரி, இரும்பு விலையை எப்போது போடுவீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எஃகு உற்பத்தியில் உலகில் இந்தியா இரண்டாம் இடம், இந்த ஆண்டும் புதிய உச்சம் என்று உங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அடிக்கடி செய்தி வருகிறது. படிக்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கும் எனக்கும், அக்கம்பக்கத்தில் லேத், பவர் பிரஸ், கேட் கிரில் என்று பிழைப்பவர்களுக்கும் வேண்டிய ஒரே ஒரு விஷயம் அந்தச் செய்திகளில் இருப்பதில்லை. இரும்பு இன்றைக்கு டன் என்ன விலை, ஏன் அந்த விலை? இதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகப் போகும். இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், விலை பற்றிய பகுதியை மட்டும் விட்டுவைத்தால் போதும்.

முதலில் அந்தச் சாதனைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2018-ல் ஜப்பானை முந்தி இரண்டாம் இடத்துக்கு வந்தோம். 2024-25 நிதியாண்டில் கச்சா எஃகு உற்பத்தி சுமார் 15.2 கோடி டன். முதலிடத்தில் இருக்கும் சீனா 2024-ல் உருக்கியது சுமார் 100 கோடி டன், அதாவது நம்மைப்போல ஆறு மடங்குக்கும் மேல். ஆகவே இரண்டாம் இடம் என்பதற்குப் பெரிதாக மாலை போட வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் தலைப்புச் செய்தியாக வரவேண்டியது வேறொரு எண். 2021-22-ல் நாடு பயன்படுத்திய எஃகு சுமார் 10.6 கோடி டன், 2024-25-ல் அது 15.2 கோடி டன்னைத் தொட்டுவிட்டது. மூன்றே வருடத்தில் நாலரைக் கோடி டன் கூடியிருக்கிறது! உலகத்தின் பெரிய சந்தைகள் எல்லாம் படுத்துக் கிடக்கும் நேரத்தில் இப்படி ஏறுவது சாதாரண விஷயம் இல்லை.

இவ்வளவு இரும்பும் எங்கே போகிறது என்று பெங்களூரில் இருப்பவர்கள் யாரையும் கேட்க வேண்டாம், ஜன்னலைத் திறந்தாலே தெரியும். மெட்ரோ தூண், மேம்பாலம், ஒயிட்ஃபீல்டு பக்கம் வானத்தை மறைக்கும் அடுக்குமாடி. நெலமங்கலா பக்கம் போனால் வரிசையாகக் கிடங்குகள், எல்லாமே இரும்புச் சட்டத்தில் ஷீட் போட்டு மூன்று மாதத்தில் எழுந்து நிற்பவை. பாவகடா சோலார் பூங்காவில் ஒவ்வொரு பலகைக்கும் கீழே கால்வனைஸ் செய்த, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் கால்கள். நாட்டில் விற்கும் எஃகில் பாதிக்கு மேல் கட்டுமானத்துக்கும் உள்கட்டமைப்புக்கும்தான் போகிறது, அதற்குப் பிறகுதான் எஞ்சினியரிங், வாகனம் எல்லாம். அரசு மூலதனச் செலவைக் கூட்டினால் ஆர்டர் ஏறும், மழைக்காலத்தில் வேலை நின்றால் கம்பி விலை இறங்கும், மார்ச் மாதம் பில் முடிக்கும் அவசரத்தில் மறுபடி ஏறும். இது எங்களுக்கு மனப்பாடம்.

இவ்வளவு ஏறியும் தலைக்கு ஒரு வருடத்துக்கு நாம் பயன்படுத்துவது 100 கிலோ சுமார்தான். உலகச் சராசரி 200 கிலோவுக்கு மேல், சீனாவில் 600-ஐ ஒட்டி. கிராமப்புறத்தை மட்டும் தனியாக எடுத்தால் நம் நாட்டுச் சராசரியில் பாதிகூட வராது. 2017-ல் வந்த தேசிய எஃகுக் கொள்கை 2030-31-க்குள் உற்பத்தித் திறனை 30 கோடி டன்னாகவும் தலைக்கு 158 கிலோவாகவும் உயர்த்த வேண்டும் என்கிறது. திறன் இப்போதே 20 கோடி டன்னைத் தாண்டிவிட்டது, மீதியையும் பெரிய கம்பெனிகள் கட்டிவிடுவார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 158 கிலோவை எப்படிக் கொண்டுவருவது? கிராமத்துக்காரர் வீட்டுக் கூரைக்கு, மாட்டுக் கொட்டகைக்கு, டிராக்டர் டிரெய்லருக்கு, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டுக்கு இரும்பு வாங்கினால்தான் அது நடக்கும். அதை வெட்டி, வளைத்து, ஒட்டிக் கொடுப்பது ஆலை முதலாளி இல்லை. ஊர் ஊராக இருக்கும் வெல்டிங் பட்டறைக்காரன்தான். அவனுக்குக் கட்டுப்படியாகும் விலையில் பிளேட்டும் ஆங்கிளும் கிடைக்காமல் எந்த இலக்கும் நிறைவேறாது.

இப்போது விலைக்கு வருகிறேன்.

2024-25-ல் நாம் இறக்குமதி செய்த எஃகு சுமார் 95 லட்சம் டன், ஏற்றுமதி செய்தது அதில் பாதிதான், 49 லட்சம் டன் சுமார். உலகத்தில் இரண்டாவது பெரிய உற்பத்தியாளர், ஆனால் அந்த ஆண்டு விற்றதைவிட வாங்கியது அதிகம். அதற்கு முந்தைய ஆண்டும் இதே கதைதான், வித்தியாசம் கொஞ்சம் குறைவு. காரணம் சீனா. அங்கே வீடு கட்டும் தொழில் விழுந்துவிட்டது, ஆனால் உலைகள் அணையவில்லை, உள்ளூரில் விற்காத சரக்கை வெளியே தள்ளுகிறார்கள். 2024-ல் அவர்கள் ஏற்றுமதி செய்தது 11 கோடி டன், நம் நாட்டின் ஒரு வருட உற்பத்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு. கொரியாவும் ஜப்பானும் நம்மோடு போட்டிருக்கும் வர்த்தக ஒப்பந்தத்தால் பெரும்பாலான சரக்கை வரியில்லாமல் அனுப்ப முடிகிறது. நம் ஆலைகள் இதற்கு எதிராகக் கத்தியதில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. மலிவு என்று வெளிநாட்டுச் சரக்கையே நம்பி, உள்ளூர் உலை மூடியபிறகு வெளிநாட்டுக்காரன் விலையை ஏற்றினால் போய் நிற்க இடம் இருக்காது.

அதனால் 2025 ஏப்ரலில் மத்திய அரசு தட்டை எஃகு வகைகளுக்கு, அதாவது காயில், ஷீட், பிளேட் போன்றவற்றுக்கு, 200 நாட்களுக்கு 12 சதவீதப் பாதுகாப்பு வரி போட்டது. ஏற்கெனவே இருக்கும் 7.5 சதவீத சுங்கத்துக்கு மேலே இது. அப்புறம் ஆகஸ்டில், இறக்குமதிப் புகார்களை விசாரிக்கும் மத்திய அரசின் வர்த்தகத் தீர்வு இயக்குநரகம் இதை மூன்று வருடம் நீட்டி முதல் வருடம் 12, அடுத்தது 11.5, கடைசியில் 11 சதவீதம் என்று வைக்கலாம் எனப் பரிந்துரை செய்தது. உங்கள் பத்திரிகை உட்பட எல்லோரும் ‘உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதுகாப்பு’ என்று எழுதினீர்கள். உள்நாட்டுத் தொழில் என்றால் யார்? உலை வைத்திருப்பவர் மட்டுமா?

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று, பேப்பர் படிப்பவர்களுக்கும் தெரியட்டும். உள்ளூர் ஆலை தன் செலவை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. வெளிநாட்டுச் சரக்கு சென்னைத் துறைமுகத்திலோ மும்பையிலோ வந்து இறங்கினால் வரி, கூலி எல்லாம் சேர்த்து என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு, அதற்குக் கொஞ்சம் முன்னே பின்னே தன் விலையை வைக்கும். ஆகவே இறக்குமதிக்கு வரி போட்டால், இறக்குமதிச் சரக்கையே தொடாதவனுக்கும் விலை ஏறுகிறது. ஹெச்.ஆர். ஷீட், அதாவது சூடாக உருட்டிய தகடு, டன் 50 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 12 சதவீதம் என்றால் 6 ஆயிரம். அது முழுசாக ஏறாது, சந்தை தளர்ந்திருந்தால் ஏறவே ஏறாது, உண்மைதான். ஆனால் பாதி ஏறினாலே மாதம் 10 டன் வெட்டும் பட்டறைக்கு 30 ஆயிரம் ரூபாய் போகிறது. இந்த ஊரில் அது ஒரு நல்ல வெல்டரின் சம்பளம்.

பெங்களூரில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது இன்னொரு எரிச்சலும் சேர்ந்துகொள்கிறது. இரும்புத்தாது நம் மாநிலத்திலேயே, பல்லாரி, சண்டூர் மலைகளில் இருக்கிறது. நாட்டிலேயே ஒரே இடத்தில் இருக்கும் மிகப் பெரிய ஆலை தோரணகல்லில், இங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர். அந்தத் தாதுவுக்காக இந்த மாநிலம் கொடுத்த விலை கொஞ்சநஞ்சம் இல்லை. சட்டவிரோதச் சுரங்கம், லோகாயுக்தா அறிக்கை, ஒரு முதலமைச்சர் பதவி போனது, 2011-ல் உச்ச நீதிமன்றம் பல்லாரிச் சுரங்கங்களை நிறுத்தியது, பிறகு வருடத்துக்கு இவ்வளவுதான் வெட்டலாம் என்று பல்லாரி, சித்ரதுர்கா, தும்கூரு மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்து 3 கோடி டன் உச்சவரம்பு வைத்தது, அது 3.5 கோடியாகி 2022-ல் 5 கோடியானது. சிவந்த தூசியைத் தின்றது அந்த ஊர் மக்கள், வழியெல்லாம் லாரி ஓடியது. ஆனால் பீன்யாவில் ஷீட் வாங்குபவனுக்கு விலை நிர்ணயிக்கப்படுவது சீனத் துறைமுகத்தில்! பக்கத்தில் ஆலை இருப்பதால் எங்களுக்குக் கிடைக்கும் லாபம் லாரி வாடகையில் கொஞ்சம் மிச்சம், அவ்வளவுதான்.

அரசு நினைத்தால் விலையை அசைக்க முடியாதா என்றால், முடியும், செய்தும் காட்டியிருக்கிறது. 2020 நடுவில் 40 ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஹெச்.ஆர். காயில், 2022 ஏப்ரலில் 75 ஆயிரத்தைத் தாண்டியது. அந்த நேரத்தில் பழைய விலைக்கு ஆர்டர் எடுத்த சின்னப் பட்டறைகள் பட்ட பாடு சொல்லி மாளாது. கொட்டேஷனில் ‘இந்த விலை மூன்று நாளைக்கு மட்டும்’ என்று எழுதும் வழக்கம் அப்போதுதான் எங்கள் பக்கம் பரவியது. 2022 மே மாதம் அரசு பல எஃகு வகைகளுக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி போட்டது, விலை மளமளவென்று இறங்கியது. ஆலைகள் அழுதன, நவம்பரிலேயே அந்த வரியை எடுத்துவிட்டார்கள். உபயோகிப்பவனுக்குக் கிடைத்த நிவாரணத்துக்கு ஆயுள் ஆறு மாதம், ஆலைக்குக் கொடுக்கும் பாதுகாப்புக்கு மூன்று வருடம். இதை எந்த வணிகப் பக்கத்திலாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியிருக்கிறார்களா?

ஆலைகளுக்கும் தலைவலி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், ஒருதலையாக எழுதினேன் என்று வேண்டாம். தாது நம்மிடம் இருக்கிறது, ஆனால் ஊது உலைக்கு வேண்டிய கோக்கிங் நிலக்கரி இல்லை. தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து, அதிலும் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது, வருடத்துக்கு 5 கோடி டன்னுக்கு மேல். குயின்ஸ்லாந்தில் வெள்ளம் வந்தால் இங்கே கம்பி விலை ஏறும். ஐரோப்பா வேறு 2026 தொடக்கத்திலிருந்து, அதிகப் புகை விட்டுச் செய்த இறக்குமதிக்கான கரியமில எல்லை வரியை வசூல் கணக்கில் கொண்டுவந்திருக்கிறது, நம் ஆலைகள் ஒரு டன் எஃகுக்கு விடும் புகை உலகச் சராசரியைவிட அதிகம், அதனால் அந்தச் சந்தையும் இறுகும். இன்னொன்று, பெரிய ஆலையை மட்டும் வைத்து நம் நாட்டு உற்பத்தியைப் புரிந்துகொள்ளவும் முடியாது. பல்லாரி, கொப்பள் பக்கம் இருக்கும், தாதுவை உருக்காமலே இரும்பாக்கும் ஸ்பாஞ்ச் அயர்ன் ஆலைகள், அந்த இரும்பையும் ஸ்க்ராப்பையும் போட்டு மின்சாரத்தில் உருக்கும் இண்டக்ஷன் ஃபர்னஸ்கள், இவைதான் நாம் வீடு கட்ட வாங்கும் கம்பியில் பெரும் பங்கைக் கொடுக்கின்றன. ஸ்பாஞ்ச் அயர்னில் உலகத்தில் முதலிடம் நமக்குத்தான். அது எப்போதாவது தலைப்புச் செய்தி ஆனதாக எனக்கு நினைவில்லை, நடுத்தர முதலாளிகளுக்கு விளம்பரத் துறை கிடையாதே.

சின்ன அளவில் விசேஷ எஃகு கிடைப்பது தனிப் பாடு. பீன்யாவில் கியர், ஷாஃப்ட் செய்பவர்களுக்கு இ.என்.8, இ.என்.19, இ.என்.24 என்ற எஃகு ரகங்களில் ரவுண்டு கம்பி வேண்டும், சில நேரம் அரை டன், கால் டன். ஒரு காலத்தில் கர்நாடகத்தின் பத்ராவதி ஆலை என்றால் அலாய் ஸ்டீலுக்கு, அதாவது கலப்பு எஃகுக்கு, ஒரு மரியாதை. மைசூர் சமஸ்தானம் ஆரம்பித்தது, விஸ்வேஸ்வரய்யா தலைமையேற்று நடத்தியது, ஆரம்பத்தில் மலைநாட்டு மரக்கரியில் ஓடிய உலை, நூறு வருடப் பழமை. 2023 ஜனவரியில் மத்திய அரசின் எஃகு நிறுவனமான செயில் அதை மூடப்போவதாக முடிவெடுத்தது, தொழிலாளர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள், பிறகு அரைகுறையாக உருட்டும் மில்லை மட்டும் ஓட்டினார்கள். நம் சேலம் உருக்காலை கதையும் தெரிந்ததுதான். கஞ்சமலைத் தாதுவை வைத்துப் பெரிய ஆலை என்று ஊரே எதிர்பார்த்தது, 1980களின் தொடக்கத்தில் வந்ததோ வெளியிலிருந்து எடுத்துவந்த ஸ்டெயின்லெஸ் எஃகைத் தகடாக உருட்டும் ஆலை, உருக்கும் பிரிவு 2010-ல்தான் சேர்ந்தது. கோடி டன் கணக்கில் உற்பத்தி ஏறும்போது கால் டன் வாங்குபவனுக்கு விற்கும் ஆலைகள் மெலிந்துகொண்டே போகின்றன.

வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்றால், பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர அமைப்பின் லைசென்ஸைக் கட்டாயமாக்கும் தரக்கட்டுப்பாட்டு ஆணைகள் குறுக்கே நிற்கின்றன. தரம் வேண்டும், மட்டமான சரக்கு உள்ளே வரக்கூடாது, சரி. ஆனால் இந்த விசேஷ ரகங்களில் வருடத்துக்குச் சில டன் மட்டும் வாங்கும் இந்தியச் சந்தைக்காக எந்த வெளிநாட்டு மில் பணம் கட்டி, அதிகாரியை வரவழைத்து லைசென்ஸ் எடுப்பான்? 2025 ஜூனில், சான்று பெற்ற சரக்கு மட்டும் போதாது, அது எந்த மூலப்பொருளிலிருந்து செய்யப்பட்டதோ அதற்கும் சான்று வேண்டும் என்று இன்னொரு ஆணை வந்தது. துறைமுகத்தில் சரக்கு நிற்கும், இங்கே மெஷின் நிற்கும். வாடகை மட்டும் நிற்காது.

பணப் புழக்கம் பற்றி ஒரு வார்த்தை. ஆலைக்கோ பெரிய டீலருக்கோ முன்பணம் கட்டினால்தான் லோடு ஏறும். எங்களிடம் வாங்கும் பெரிய கம்பெனி பணம் தருவது 90 நாள் கழித்து, சில சமயம் அதற்கும் மேல். சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த வருட வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று 2024-லிருந்து புது விதியும் இருக்கிறது. எங்களுக்கு வேலை கொடுக்கும் ஒரு பெரிய நிறுவனம் அதற்குக் கண்டுபிடித்த வழி, மார்ச் மாதம் முழுக்கப் புது ஆர்டரே தராமல் இருப்பது. சட்டம் மேலே ஓடினால் அவர்கள் கீழே நுழைகிறார்கள். இரும்பு விலை ஏறும் மாதத்தில் இந்த 90 நாள் கடன்தான் பட்டறையை மூடவைப்பது, வரி இரண்டாவதுதான்.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பாதுகாப்பு வரியை எடுத்துவிடு என்று நான் சொல்லவில்லை. வரி போடும்போது ஆலைக்கு ஒரு நிபந்தனையும் போடு என்கிறேன். உனக்கு இத்தனை சதவீதம் வேலி போட்டுத் தருகிறோம், நீ உற்பத்தியில் ஒரு பங்கைச் சிறு தொழில்களுக்கு, நீ வெளிநாட்டுக்கு விற்கும் அதே விலையில் கொடு. ஆலை ஏற்றுமதிக்கு ஒரு விலையும் உள்ளூருக்கு அதைவிடக் கூடிய விலையும் வைத்தால், அந்த வித்தியாசத்தைக் கட்டுவது நாங்கள்தானே. இதற்குப் புதிதாக அமைப்பு எதுவும் வேண்டாம். தேசிய சிறுதொழில் கழகம் இருக்கிறது, கர்நாடகத்தில் மாநிலச் சிறுதொழில் கழகமான கே.எஸ்.எஸ்.ஐ.டி.சி. இருக்கிறது, தமிழ்நாட்டில் சிட்கோ இருக்கிறது. மூலப்பொருள் விநியோகம் இவர்களுக்குப் பழக்கமான வேலைதான். 1992 வரை எஃகு விலையும் விநியோகமும் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில் கோட்டா, பர்மிட் என்று அலைந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அந்தக் காலம் திரும்ப வேண்டாம். ஆனால் 2 டன், 5 டன் என்று வெட்டித் தரும் ஒரு கிடங்கு, வாரம் ஒருமுறை வெளிப்படையான விலை, ஜி.எஸ்.டி. எண்ணைக் காட்டி வாங்கும் வசதி, இவ்வளவு போதும். பீன்யா மாதிரி இடத்தில் 1970களில் அரசே ஷெட் கட்டிக் கொடுத்துத்தான் தொழில் வளர்ந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அந்த ஷெட்டுகளில்தான் தொழில் கற்றன.

தரக்கட்டுப்பாட்டுக்கும் ஒரு விலக்கு வேண்டும். உள்நாட்டில் எந்த ஆலையும் செய்யாத கிரேடு என்றால், ஒரு குறிப்பிட்ட டன் வரைக்கும் லைசென்ஸ் இல்லாமல் உள்ளே விடலாம், பரிசோதனையை இங்கேயே ஒரு லேபில் செய்துகொள்ளலாம். ஆலைக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை, அவர்கள் அந்தச் சரக்கைச் செய்வதே இல்லையே.

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை, இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். தங்கம், வெள்ளி விலை தினமும் போடுகிறீர்கள். நாமக்கல் முட்டை விலை வருகிறது, தக்காளி பத்து ரூபாய் ஏறினால் முதல் பக்கம். ஒரு சின்ன வீடு கட்டினாலே மூன்று நாலு டன் கம்பி ஆகிறது, அந்தக் கம்பியின் விலை மட்டும் எந்தத் தமிழ்ப் பத்திரிகையிலும் ஒழுங்காக வருவதில்லை. கொல்கத்தாவில் இருக்கும், எஃகுத் துறைப் புள்ளிவிவரம் சேகரிக்கும் கூட்டு ஆலைக் குழு டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா சந்தை விலைகளைத் திரட்டுகிறது, பெங்களூருக்கு உங்கள் நிருபர் நாலு டீலருக்கு போன் போட்டால் போதும். வீடு கட்டும் எஃப்.இ. 500டி ரகக் கம்பியில் 8, 12, 16 எம்.எம்., ஹெச்.ஆர். ஷீட், 5 எம்.எம். பிளேட், 50-50 ஆங்கிள், 100 சேனல். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தா சேர்க்காமலா என்று தெளிவாக எழுதி, பெரிய ஆலைக் கம்பியையும் இண்டக்ஷன் ஃபர்னஸ் கம்பியையும் தனித்தனியாகக் காட்டி, வாரம் ஒரு கட்டம் போடுங்கள். ஆலைகள் மாதம் பிறந்ததும் விலையை மாற்றுவதால் முதல் வாரம் மட்டும் தவறாமல் வரட்டும். பீன்யா, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளில் விலை கேட்க ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், எங்கள் பக்கத்திலிருந்து வாராவாரம் நானே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
பட்டறை வைத்திருக்கும் ஒரு வாசகர்,
பீன்யா, பெங்களூரு